சிங்கப்பூர், வழி கிழக்கே நாலாவது வீடு

உலகமே கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்த காலத்தில், வெளிநாட்டுக்குப் புறப்பட்டே தீருவேன் என்று காலில் ஷூஸ் மாட்டிக்கொண்டு நின்ற ஒரே ஜீவன் எங்கள் கரமனைத் தெரு ஷூஸ் மாமிதான். ஆகாசத்தில் ஒரு விமானம்கூடப் பறக்கவில்லை. அது விமானத்தின் தப்பு, தன்னுடைய தப்பில்லை என்று சொல்லிவிட்டாள்.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள். என் பேச்சை இஸ்திரி போட்டுத்தான் எழுதுவாள், அது அவள் படித்த படிப்பு. நாங்கள் அன்றன்றைக்குப் பேசிக்கொண்டதை மட்டும் பேசினபடியே எழுது என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன்.

மாமிக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. ஆனால் வெள்ளை கேன்வாஸ் ஷூஸ் வாங்கி, பருத்திப் புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு, தெருவில் கோவிலுக்கும் ஆற்றங்கரைக்குமாக நடை பழக ஆரம்பித்த அன்றைக்கே அந்தப் பெயர் போய்விட்டது. தெரு நாய் யாரைப் பார்த்தும் குரைக்காது. ஷூஸைப் பார்த்துக் குரைத்தது.

"என்னடீ இது கோலம்?" என்று கேட்டேன். என்னைவிடச் சின்னவள், அதனால் நான் அவளை வாடீ போடீதான்.

"சிங்கப்பூர்ல நெறைய நடக்கணுமாம் அக்கா. இப்பவே காலைப் பழக்கிண்டாத்தான் ஆச்சு."

"சிங்கப்பூர்ல உனக்கு யாராக்கும் இருக்கா?"

"யாரும் இல்லை. அதனாலதான் போறேன்."

எங்கள் தெருவில் பெண்டுகள் வெளிநாடு போகாதவர்கள் இல்லை. மகளுக்குப் பிரசவம் பார்க்க, மருமகள் வேலைக்குப் போனால் குழந்தைக்குக் கால் கழுவிவிட, இட்லி மாவு அரைக்க என்று அமெரிக்கா வரைக்கும் போய் வந்திருக்கிறார்கள். ஆறு மாதம் இருந்துவிட்டு வந்தால், அங்கே பார்த்தது சமையலறை ஜன்னல் ஒன்றுதான். ஒரு வேலையும் இல்லாமல், சும்மா ஊர் சுற்றிப் பார்ப்பதற்காகப் போகிறேன் என்று சொன்னவள் இவள் ஒருத்திதான். அதைக் கேட்டுத் தெருவே முகத்தைச் சுளித்தது. எனக்கு மட்டும் உள்ளுக்குள் குளுகுளு என்று இருந்தது.

ஏன் சிங்கப்பூர்? அதைச் சொல்ல வேண்டும். கல்லிடைக்குறிச்சியிலிருந்து கல்யாணமாகி இந்த மலையாளச் சீமைக்கு வந்தவள் அவள். தமிழ் நன்றாகப் படிப்பாள். மலையாள எழுத்து மட்டும் நாற்பது வருஷமாகியும் தலையில் ஏறவில்லை. எல்லாம் வட்டம் வட்டமாக, ஜாங்கிரி பிழிந்து வைத்தமாதிரி இருக்கிறது என்பாள். அதனால் பஸ் ஸ்டாப்பில் போய் நின்றால் நானும் அவளும் ஒன்று. எனக்கு எந்த எழுத்தும் தெரியாது, அவளுக்கு அந்த எழுத்து தெரியாது. வருகிற வண்டிக்கெல்லாம் கழுத்தை நீட்டி, "கிழக்கேகோட்டை போகுமோ?" என்று யாரையாவது கேட்க வேண்டும். கேட்டால் சிலபேர் சொல்வார்கள். சிலபேர், போர்டு அங்கேதானே இருக்கிறது, கண் இல்லையா என்கிறமாதிரி பார்ப்பார்கள். அந்தப் பார்வை அவளுக்குச் சுட்டுவிடும்.

கரமனை வழியாகப் போகிற நாகர்கோவில் வண்டியில் மட்டும் தமிழ் போர்டு இருக்கும். ஒருநாள் கிழக்கேகோட்டைக்குக் கொத்தமல்லி விதை வாங்கப் போகிறேன் என்று புறப்பட்டவள், எதிர்த்திசையில் நெய்யாற்றின்கரை வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்தாள்.

"அந்த வண்டியில எதுக்குடீ ஏறினே?"

"படிக்க முடிஞ்சுது. ஏறிட்டேன்."

அப்பேர்ப்பட்டவளிடம் யாரோ சொல்லிவிட்டார்கள், சிங்கப்பூரில் ரயில் ஸ்டேஷனிலெல்லாம் தமிழில் எழுதியிருக்கிறது என்று. போதாதா? "அக்கா, ஒரே ஒரு ஊர்லயாவது யார்கிட்டயும் வழி கேக்காம, நானே போர்டைப் படிச்சு, நானே ஏறி, நானே எறங்கணும். காலம்பறலேர்ந்து சாயந்தரம் வரைக்கும் ரயில்லயே சுத்துவேன். வேற ஒண்ணும் பாக்கவேண்டாம் எனக்கு."

கேட்பதற்குச் சிரிப்பாக இருக்கும். ஆனால் கண் டாக்டர் அப்போதே சொல்லியிருந்தார், கண் நரம்பு வாடிக்கொண்டு வருகிறது, போன பார்வை திரும்பாது, சொட்டு மருந்து போட்டு இருப்பதைக் கொஞ்ச காலம் பிடித்து வைக்கலாம், அவ்வளவுதான் என்று. பெங்களூரில் இருக்கிற அவள் மகனுக்குக்கூட அதை முழுசாகச் சொல்லவில்லை. என்னிடம் சொன்னாள். சொல்லிவிட்டு, "அதுக்கு முன்னாடி போயிட்டு வந்துடறேன்" என்றாள், அடுப்பில் பால் பொங்குவதற்கு முன்னால் கடைக்குப் போய்விட்டு வருகிறவள் மாதிரி.

கிழக்கேகோட்டையில் டிராவல்ஸ் வைத்திருக்கிற சஜிதான் டிக்கெட் போட்டது. நல்ல பையன். மாமி போனால் எழுந்து நிற்பான். ஆனால் அவன் போட்ட நாள், கிளம்பக்கூடாத நாள். பஞ்சாங்கத்தைப் பார்த்துவிட்டு மாமி தலையில் கை வைத்துக்கொண்டாள். இந்த மாதிரி இக்கட்டுக்கு எங்களிடம் ஒரு வழி உண்டு. பரஸ்தானம் என்று பெயர். போகிற நாள் சரியில்லை என்றால், அதற்கு முன்னால் ஒரு நல்ல நாளாகப் பார்த்து, கூடக் கொண்டுபோகிற சாமானில் கொஞ்சத்தை, போகிற திசையில் இருக்கிற இன்னொரு வீட்டில் கொண்டுவைத்துவிட வேண்டும். வைத்துவிட்டால் பிரயாணம் அன்றைக்கே தொடங்கிவிட்டதாகக் கணக்கு. அப்புறம் நீங்கள் என்றைக்கு வேண்டுமானாலும் கிளம்பலாம். ஒரே நிபந்தனை, வைத்த சாமான் திரும்ப உங்கள் வீட்டுக்கு வரக்கூடாது. வந்தால் பிரயாணம் கெட்டது.

சிங்கப்பூர் கிழக்கே. அவள் வீட்டுக்குக் கிழக்கே நாலாவது வீடு என்னுடையது.

ஒரு வெள்ளிக்கிழமை நல்ல நேரத்தில் நீலப் பை ஒன்றைக் கொண்டுவந்து என் கூடத்து மூலையில் வைத்தாள். "அக்கா, பிரயாணம் தொடங்கியாச்சு" என்றாள். வெற்றிலை பாக்கு கொடுத்து அனுப்பினேன். அடுத்த வாரம் ஊரையே பூட்டிவிட்டார்கள்.

இனிமேல்தான் வேடிக்கை. பையில் என்ன வைத்தாள் என்று கேளுங்கள். ஏதாவது பழைய துண்டை வைத்திருக்கலாம். இவள் மும்முரத்தில், முக்கியமானதையெல்லாம் அதில் வைத்துவிட்டாள். ஷூஸ். படிக்கிற கண்ணாடி. அந்த ஊர் காபியை நம்பாமல், தன்னுடைய காபி பில்டர். மூன்றும் என் வீட்டில் மாட்டிக்கொண்டன. திரும்ப எடுத்துப் போக முடியாது. அதனால் தினமும் காலையில் வந்துவிடுவாள். அவள் பில்டரில் நான் டிகாக்‌ஷன் இறக்க வேண்டும். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என் வீட்டுப் பேப்பரைப் படிக்க வேண்டும். அப்புறம் ஷூஸை மாட்டிக்கொண்டு நடை. நடந்து முடித்துத் துடைத்துப் பையில் வைத்துவிட்டு, வெறுங்காலோடு வீட்டுக்குப் போவாள். கட்டுப்பாடு கடுமையாக இருந்தபோது ஜன்னல் கம்பி வழியாக காபி டம்ளரும் கண்ணாடியும் வெளியே போய் உள்ளே வரும். முகத்தில் மாஸ்க், நடுவில் கம்பி. பார்க்கிறவர்களுக்கு ஜெயிலில் யாரையோ பார்க்க வந்தமாதிரி இருக்கும். இரண்டு பேரில் யார் உள்ளே என்று மட்டும் சொல்ல முடியாது.

"பரஸ்தானம் இத்தனை நாள் தாங்காது" என்று எங்களுக்கு நாள் பார்த்துச் சொல்கிற வாத்தியார் போனில் சொன்னார். மாமி விடுவாளா? "விசாவுக்கே எக்ஸ்டென்ஷன் குடுக்கறா. நாள் நட்சத்திரத்துக்குக் குடுக்கமாட்டாளாமா?" வாத்தியார் போனை வைத்துவிட்டார்.

தெருக்கோடியில் மூங்கில் கட்டி ஒரு போலீஸ்காரரை நிறுத்தியிருந்தார்கள். அவர் நல்ல மனுஷர், மாவேலிக்கரைக்காரர். வெளியே வருகிறவர்கள் காரணம் எழுதிய சத்தியவாங்மூலம் என்று ஒரு தாள் காட்ட வேண்டும். மாமி ஷூஸும் மாஸ்க்குமாக மூங்கில் வரைக்கும் நடந்தாள். நான் வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

"அம்மச்சி எவிடேக்கா?"

"சிங்கப்பூருக்காக்கும்."

அவர் மாமியின் காலைப் பார்த்தார். முகத்தைப் பார்த்தார். அப்புறம் தூரத்தில் நின்ற என்னைப் பார்த்தார். நான் ஆமாம் என்று தலையை ஆட்டினேன். வேறென்ன செய்ய?

"சத்தியவாங்மூலம் உண்டோ?"

"டிக்கெட் உண்டு."

"விமானம் இல்லல்லோ அம்மச்சி."

"அதுக்குத்தான் இப்பவே நடந்து பாக்கறேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தாள். அன்றையிலிருந்து அவர் மாமியைக் கண்டால் சல்யூட் அடிப்பார்.

அந்தச் சிரிப்பெல்லாம் முதல் வருஷம். இரண்டாம் வருஷம் சிரிக்கிற காலமாக இல்லை. ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் எந்த வீட்டு வாசலில் நிற்கிறது என்று காதைத் தீட்டிக்கொண்டு இருப்போம். எதிர்வரிசையில் ஒருத்தர் போனார். போய்ப் பார்க்க முடியவில்லை, கதவிடுக்கு வழியாகக் கும்பிட்டோம். மாமிக்குக் கண் ஆஸ்பத்திரிக்குப் போக வழியில்லை. சொட்டு மருந்து கிடைத்த நாள் உண்டு, கிடைக்காத நாள் உண்டு. அதில் ஒரு மாதம் முழுக்க அவள் ஷூஸைத் தொடவில்லை. வந்து உட்கார்ந்து, காபி குடித்து, போவாள்.

என் கூடத்துச் சுவரில் நாகர்கோவில் நகைக்கடைக்காரர் கொடுத்த தமிழ்க் காலண்டர் தொங்கும். எனக்கு அதில் லட்சுமி படம் மட்டும்தான் புரியும். மாமி எதிர்ச்சுவர் ஓரத்தில் நாற்காலி போட்டுக்கொண்டு, அங்கிருந்தே கிழமையும் திதியும் படிப்பாள். கண்ணுக்கு அவளாக வைத்துக்கொண்ட பரீட்சை அது. ஒருநாள் நாற்காலி நடுக்கூடத்துக்கு வந்திருந்தது. கொஞ்ச நாள் கழித்து ஊஞ்சலைத் தாண்டி வந்தது. கூடத்தைப் பெருக்குகிறபோது நாற்காலியைப் பின்னால் தள்ளிப் போடுவேன். மறுநாள் அது இன்னும் ஒரு சாண் முன்னால் வந்திருக்கும்.

நடுவில் சஜி போன் செய்வான். ஒவ்வொரு தடவையும் ஒரு புது ரூல். மருமகள் போனை உரக்க வைப்பாள், நாங்கள் இரண்டு பேரும் தலையைச் சேர்த்துக்கொண்டு கேட்போம்.

"மாமி, இப்போ போலாம். பட்சே அங்க எறங்கினா ரெண்டு வாரம் ஹோட்டல் ரூம்ல இருக்கணும். வெளிய வரவே கூடாது."

"சாப்பாடு?"

"கதவுக்கு வெளிய வெச்சுட்டுப் போவாங்க."

"யாரு சமைப்பா?"

"ஹோட்டல்காரங்கதான் மாமி."

"பாத்திரம் யார் தேய்க்கறது?"

"பாத்திரமே இல்ல. எல்லாம் சாப்பிட்டுத் தூக்கிப் போடறது."

மாமி என் பக்கம் திரும்பினாள். முகம் விளக்கு ஏற்றினமாதிரி இருந்தது. "அக்கா, இதுக்கா எல்லாரும் பயப்படறா? பதினெட்டு வயசுலேர்ந்து சமைக்கறேன். ஒருநாள் யாராவது கொண்டுவந்து வெச்சு, சாப்பிடுன்னு சொன்னதுண்டா? டேய் சஜி, ரெண்டு வாரம் போறுமா, ஒரு மாசம் இருக்கலாமான்னு கேட்டுப் பாரு."

அதற்குள் அந்த ரூலும் மாறிவிட்டது. இந்தியாவிலிருந்து யாருமே வரக்கூடாது என்றார்கள். அப்புறம் ஊசி போட்டவர்கள் வரலாம் என்றார்கள். மாமி ஓடிப்போய் இரண்டு ஊசியும் போட்டுக்கொண்டு வந்தாள். பாஸ்போர்ட்டில் அவள் பெயரோடு அப்பா பெயர், ஊசி சர்டிபிகேட்டில் காலமான ஆத்துக்காரர் பெயர். இரண்டும் இரண்டு ஆள் என்று கம்ப்யூட்டர் சொல்லிவிட்டது.

"அப்போ ஊசி குத்தினது யாரோட கையிலயாம்? கை வலிச்சது எனக்குன்னா?" என்று மாமி சஜியைப் பிடித்துக்கொண்டாள். அதைத் திருத்தி முடிப்பதற்குள் மூக்கில் குச்சி விட்டுப் பார்க்க வேண்டும் என்ற ரூல் வந்தது. குச்சி விட்டு, சரி என்று சீட்டு வாங்கிக்கொண்டு வந்த மறுநாள் விமானத்தை ரத்து செய்தார்கள். மூக்கு மட்டும் இரண்டு நாள் எரிந்தது.

மகன் பெங்களூரிலிருந்து பேசினான். "அம்மா, எதுக்கு இந்த அவஸ்தை? சிங்கப்பூரை யூட்யூப்ல காட்டறேன், பாத்துக்கோ."

"உன் கல்யாணத்தையும் யூட்யூப்ல பாத்திருக்கலாம்டா. எனக்கு பட்சணம் பண்ற வேலை மிச்சமாயிருக்கும்" என்று வைத்துவிட்டாள். வைத்துவிட்டு, மூலையிலிருந்த பையைக் கையால் தடவிக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தாள். நான் உள்ளே போய், இல்லாத வேலையெல்லாம் செய்தேன்.

கடைசியில் ஒருநாள் சஜியே நேரில் வந்துவிட்டான். மாமி வீட்டுக்குப் போகவில்லை, நேராக என் வீட்டுக்கு. எங்கே இருப்பாள் என்று அவனுக்குத் தெரியும். வாசலிலிருந்தே கத்தினான்.

"மாமி! எல்லாம் ஓப்பனாயி! டெஸ்ட் வேண்டா, ரூம்ல இருக்க வேண்டா, ஒண்ணும் வேண்டா. ஊசி போட்டாச்சில்ல, அது போறும். எப்போ போகணும்னு சொல்லுங்க!"

அப்போது மாமியின் நாற்காலி சுவரைத் தொட்டுக்கொண்டிருந்தது. காலண்டர் தாள் மூக்கில் படுகிறமாதிரி உட்கார்ந்திருந்தாள். தாளைப் படிக்கவில்லை. விரலால் தடவிக்கொண்டிருந்தாள்.

"சஜி," என்றாள் மெதுவாக, "அந்த ரயில் போர்டு, எவ்வளவு பெருசா எழுதியிருப்பா?"

அவன் போனில் ஒரு படம் எடுத்துக் காட்டினான். மாமி கண்ணாடியைப் போட்டாள். போனைக் கண்ணுக்கு ஒட்ட வைத்துக்கொண்டாள். இந்தப் பக்கம் சாய்த்தாள், அந்தப் பக்கம் சாய்த்தாள். ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினாள். அந்தப் படத்தில் என்ன எழுதியிருந்ததோ, எனக்கும் தெரியாது. எனக்குத் தெரிந்திருந்தால் அன்றைக்காவது படித்துச் சொல்லியிருப்பேன்.

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

சஜிக்கு விஷயம் புரிந்துவிட்டது. பாவம், அவன் குரல் இறங்கிவிட்டது. "சாரமில்ல, பரவாயில்ல மாமி. ஸ்டேஷன் பேரை ரயிலுக்குள்ள விளிச்சும் சொல்லும். அது கேட்டு எறங்கலாம்."

"விளிச்சுச் சொல்றதுக்கு இங்க கண்டக்டர் இருக்கானேடா. அதுக்கு எதுக்கு அவ்வளவு தூரம்?" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அவனுக்குக் காபி கொடுக்கச் சொன்னாள். அவள் பில்டர் காபிதான். அவன் குடிக்காமலே டம்ளரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

அவன் போனதும் எழுந்து, தட்டுத்தடுமாறிப் போய் பையைத் தூக்கினாள். "அக்கா, ரொம்ப நாளா உன் இடத்தை அடைச்சுண்டிருக்கு. எடுத்துண்டு போறேன்."

பை திரும்ப அவள் வீட்டுக்குப் போனால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குச் சொல்லியிருக்கிறேன். எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ. "வையிடீ கீழே! காலம்பற காபி குடிக்க நான் எந்த பில்டருக்குப் போவேன்? என்னோடது ரிப்பேராக்கும்!" என்று கத்தினேன். என் பில்டர் நன்றாகத்தான் இருந்தது, அது அவளுக்கும் தெரியும். வாசற்படியில் பையோடு கொஞ்ச நேரம் நின்றாள். அப்புறம் திரும்பி வந்து, அதே மூலையில் வைத்தாள்.

"ஷெரி. தொடங்கின பிரயாணம் தொடங்கினதாவே இருக்கட்டும்" என்றாள்.

மறுநாள் காலையில் அவளைக் கூட்டி வரலாம் என்று நான் வாசலுக்கு வந்தால், அவளே வருகிறாள். ஒரு கை சுவரில், ஒரு கை முன்னால். வெறுங்கால். ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். தட்டிவிட்டாள். "விடு அக்கா. நான் உங்கிட்ட வழி கேட்டேனா?" என் படியை அவளே காலால் தேடி, அவளே ஏறி, அவளே நாற்காலியைக் கண்டுபிடித்து உட்கார்ந்தாள். உட்கார்ந்து, மூச்சு வாங்க, "பாத்தியா? யார்கிட்டயும் கேக்காம வந்துட்டேன்" என்றாள். நெய்யாற்றின்கரையிலிருந்து வந்த அன்றைக்கு இருந்த அதே முகம்.

அடுத்த நாள் காணவில்லை. தேடிப் போனால், என் வீட்டைத் தாண்டி, பக்கத்து வீட்டில் புதிதாகக் குடி வந்தவர்களின் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறாள். கையில் காபி. அவர்கள் எதிரே வரிசையாக நின்று, இது யார் என்று விழித்துக்கொண்டிருக்கிறார்கள்.

"வழி தப்பிடுத்தோடீ?"

"போ அக்கா. இவாத்துக் காபி எப்படி இருக்குன்னு பாக்க வந்தேனாக்கும்." ஒரு வாய் குடித்தாள். "நன்னாயில்லை. வா போலாம்."

இப்போது பார்வை சுத்தமாக இல்லை. ஆனாலும் வருகிறாள். ஷூஸை மாட்டிக்கொண்டு என் கூடத்திலேயே இங்கும் அங்கும் நடக்கிறாள். சாப்பாடு என் வீட்டில்தான். அவள் உட்கார்ந்திருக்க, நான் கொண்டுபோய் வைக்கிறேன். பாத்திரம் தேய்க்க விடுவதில்லை. சிங்கப்பூர் ஹோட்டலில் அப்படித்தானே? தினமும் காலண்டர் பக்கம் முகத்தைத் திருப்பி, "இன்னிக்கு நாள் எப்படி?" என்று கேட்பாள்.

"ரொம்ப நன்னாயிருக்கு."

"உனக்குத்தான் எழுத்தே தெரியாதே அக்கா."

"உனக்குத்தான் கண்ணே தெரியாதே. தப்புன்னு யார் சொல்லப்போறா?"

இரண்டு பேரும் சிரித்து முடிக்க நேரமாகும்.

ஒன்று மட்டும் அவளிடம் சொல்லவில்லை. மருமகளே, இதை அவளுக்குப் படித்துக் காட்டும்போது இந்த இடத்தை விட்டுவிடு. காலையில் அவள் புறப்படுகிற நேரத்துக்கு நான் வாசற்படியில் வந்து நின்றுகொள்வேன். வா என்று சொல்ல மாட்டேன், பேர் சொல்லிக் கூப்பிட மாட்டேன். டபராவிலிருந்து டம்ளருக்கும் டம்ளரிலிருந்து டபராவுக்குமாக, கையை எவ்வளவு உயரம் தூக்க முடியுமோ அவ்வளவு உயரம் தூக்கி, தெருவுக்கே கேட்கிறமாதிரி அவள் காபியை ஆற்றுவேன். சில நாள் அவள் வருவதற்குள் காபி பச்சைத் தண்ணீராகிவிடும். தோளும் வலிக்கும். நாலு வீடுதானே. அவள் யாரையும் கேட்க வேண்டாம், நான் ஆற்றிக்கொண்டே நிற்கிறேன்.